இருநூற்றுப் பதினோரு பூஜ்யங்கள்

முள்ளிக்கரையில் கல்யாணம் நடந்தால் மழை பெய்யாது. இது நம்பிக்கை அல்ல, ஊராட்சித் தீர்மானம். ஆறு வருடம் கண்ணால் பார்த்து, குழு போட்டு ஆராய்ந்து, கையெழுத்தும் முத்திரையுமாக நிறைவேற்றிய உண்மை.

தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குப் பக்கம் உப்பளமும் மேற்குப் பக்கம் கரிசல் காடுமாகக் கிடக்கிற ஊர் அது. பருவமழை வருகிற வழியை மறந்துபோன பிறகு, மேகம் வரும், மேலே நின்று வேடிக்கை பார்க்கும், போய்விடும். அதைக் கீழே இறக்குகிற வேலையை வான் வாரியம் பார்த்துக்கொண்டது. வாரியத்தின் கணினி மூளை, எந்த ஊரில் பெய்ய வாய்ப்பிருக்கிறது என்று பழைய பதிவுகளைப் பார்த்து முடிவு செய்யும். வாய்ப்புள்ள ஊர் என்றால் ட்ரோன்கள் போய் மேகத்தில் பொடி தூவும், மழை விழும். வாய்ப்பில்லை என்றால் மேகத்தை அப்படியே அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். முள்ளிக்கரையில் என்றைக்கு மேளம் கொட்டினார்களோ அன்றைக்கெல்லாம் மேகம் அடுத்த ஊருக்குப் போனது. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

விஷயம் புரிந்ததும் ஊர் இரண்டாகப் பிளந்தது. உப்புக்காரர்களுக்கு மழை ஆகாது. மேகம் தலைகாட்டினால் போதும், உப்பளத் தெருவில் விசேஷம் வைத்துவிடுவார்கள். செல்லத்துரைக்கு அறுபத்து மூன்றாவது வயதில் காதுகுத்து நடந்தது. அடுத்த மேகத்துக்கு மறுபடியும் அவருக்கே நடந்தது. கோழிக்கூண்டுக்குப் புதுமனை புகுவிழா என்று அழைப்பிதழ் அடித்துக் கொடுத்தார்கள், சுற்றமும் நட்பும் சூழ வரச் சொல்லி.

காட்டுத் தெருவில் நேர்மாறு. உளுந்து போட்டவர்களுக்கு மழை வேண்டும். ஆகவே ஐப்பசி கார்த்திகையில் அங்கே யாரும் யாரையும் கட்டக்கூடாது. நிச்சயம் முடிந்த பெண்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு ஜோடி பொறுக்கமாட்டாமல் கோவில்பட்டிக்கு ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொண்டது. ஊர் அவர்களை ஒதுக்கி வைக்கவில்லை. நன்றித் தீர்மானம் போட்டது.

மேகத்துக்கு என்னதான் பிடிக்கவில்லை என்று கண்டறியக் குழு ஒன்று அமைத்தார்கள். ஒரு மேகத்துக்கு மேளம் மட்டும் அடித்துப் பார்த்தார்கள். அடுத்த மேகத்துக்குப் பந்தல் மட்டும் போட்டார்கள். அதற்கடுத்ததற்கு இரண்டு வாழைமரம் மட்டும் கட்டினார்கள். சோதனைக்கு வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா? மூன்று தடவையும் சாப்பாடு நடந்தது. மூன்று தடவையும் மேகம் போய்விட்டது. மேகத்துக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்று குழு அறிக்கை கொடுத்தது.

அந்த மூன்று சாப்பாட்டுக்கும் பந்தி விசாரித்தவர் தங்கப்பழம். ஊரில் எந்த விசேஷமானாலும் இலை போடுவதிலிருந்து கடைசிப் பந்தி எழுந்திருக்கிற வரைக்கும் தோளில் துண்டோடு நடந்துகொண்டே இருப்பவர் அவர்தான். உப்புத் தெரு, காட்டுத் தெரு என்ற பேதம் அவருக்குக் கிடையாது. யாருக்குச் சாம்பார் போதவில்லை, எந்தக் கிழவருக்கு வடை கடிக்க வராது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வராத பந்தியை முள்ளிக்கரையில் பந்தி என்றே யாரும் சொல்வதில்லை. இதற்கு நடுவே அரசாங்க வேலை ஒன்றும் பார்த்தார். ஊரின் மேற்கு எல்லையில், பத்தடிக்குப் பத்தடி கம்பிவலைக்குள் இருக்கிற மழைமானிக்குப் பதினெட்டு வருடமாக அவர்தான் காப்பாளர். தினமும் காலை எட்டரைக்கு அளவு பார்த்து அனுப்ப வேண்டும்.

அவருடைய ஒரே மகள் சந்தனமாரிக்கு இருபத்தெட்டு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் உப்பளத் தெரு ரெத்தினபாண்டியின் மகனோடு நிச்சயம் ஆனது. பையன் கப்பலில் வேலை பார்க்கிறான். விடுப்பு கிடைப்பதே ஐப்பசி கார்த்திகையில்தான். இரண்டு வருடம் உளுந்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். மூன்றாவது வருடம் கார்த்திகை பன்னிரண்டு என்று நாள் குறித்தாயிற்று. அன்றைக்குத்தான், அந்தப் பருவத்தின் ஒரே மேகம் முள்ளிக்கரை மேல் வருகிறது என்று வாரியத்திலிருந்து தகவல் வந்தது.

ஊராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"உளுந்து பூவும் பிஞ்சுமா நிக்கி. இந்த ஒரு மழையும் தவறுனா காட்டுல சருகுதான் மிஞ்சும். அன்னைக்குப் போயி கல்யாணம்னா எப்படிவே?" என்றார் தலைவர் கோபாலசாமி. அவருக்கே நாலு ஏக்கர் உளுந்து.

ரெத்தினபாண்டி எழுந்தார். "எம்மவன் பதினாலாந் தேதி கப்பல் ஏறணும். இன்னும் தள்ளிப் போட்டா அறுவதாங் கல்யாணத்தையும் சேத்து ஒரே பந்தலா முடிச்சிருவோம், அப்படித்தானே?"

அவருடைய உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பு திறந்து கிடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசியில், வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், அவர் சொல்கிறபடி செய்வோம் என்று கூட்டம் கலைந்தது. தங்கப்பழம் கூட்டத்துக்குக் காப்பி பரிமாறுவதோடு நிறுத்திக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் இடிதான் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை வந்த அதிகாரியின் பெயர் நித்திலா. முப்பது வயதுதான் இருக்கும். மழைமானியைச் சுற்றி வந்தார், கம்பிவலைக் கதவில் இருந்த கைரேகைப் பூட்டைத் தட்டிப் பார்த்தார். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை தங்கப்பழத்தின் கட்டைவிரலை வைக்க வேண்டிய பூட்டு அது. வேலைக்கு வராமலே வந்ததாகக் கணக்குக் காட்டக்கூடாது என்று அரசாங்கம் ஆரம்பத்திலேயே மாட்டிவிட்டுப் போனது.

நித்திலா கைக்கணினியைத் திறந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். வாரியம் வர்றதுக்கு முன்னாடி, தானா மழை பெய்ஞ்ச காலத்துல, பன்னெண்டு வருஷப் பதிவு இது. இருநூத்திப் பதினோரு நாள் சுத்துப்பட்டு எல்லாம் நல்ல மழை. உங்க மானியில மட்டும் பூஜ்யம். உதாரணத்துக்கு, முதல் வருஷம் நவம்பர் ஒன்பது. அடுத்த ஊர்ல அறுபத்தெட்டு மில்லிமீட்டர்."

தங்கப்பழம் விரல் விட்டு எண்ணினார். "நவம்பர் ஒம்பதுன்னா ஐப்பசி இருவத்தி மூணு. செல்லத்துரை மூத்த மவ கல்யாணம். அவியல் பத்தல மேடம். ரெண்டாம் பந்தியிலயே தீந்து போச்சு."

"நான் அவியலைக் கேக்கலைங்க. மழையைக் கேட்டேன்."

"மழையா? பேய்மழை. பந்தல் ஒழுகி ரசம் ரெண்டு அண்டா கூடிப் போச்சு. அதனாலதான் ரசம் மட்டும் கடைசிப் பந்தி வரைக்கும் வந்துது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நித்திலா சிரிக்கவில்லை. "இரண்டாம் வருஷம், டிசம்பர் நாலு?"

"கார்த்திகை பதினெட்டு. கோபாலசாமி தங்கச்சி வளைகாப்பு. எலுமிச்சஞ் சோத்துல உப்புத் தூக்கல்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கும் மழைதான் மேடம்."

அப்படியே பத்துப் பன்னிரண்டு நாள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தங்கப்பழத்திடம் ஒரு பந்தி இருந்தது. காலை எட்டரை என்பது முதல் பந்தி எழுந்து இரண்டாம் பந்தி உட்காருகிற நேரம். அந்த நேரத்தில் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து, ஒரு கண்ணாடிக் குவளையில் எத்தனை சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்கவா? சாயங்காலம் வந்து கட்டைவிரலை வைத்து, மானியில் இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, பூஜ்யம் என்று எழுதிவிடுவார். மழை ஊருக்கே தெரிந்துதானே பெய்தது, அதை ஒரு தாளில் எழுதாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் நினைத்தார்.

"அப்போ மேளம், பந்தல்..."

"அதுக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லைங்க. மழையை இறக்குற மூளை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணைத்தான் பாக்குது. உங்க கட்டைவிரல்." நித்திலா பூட்டைக் காட்டினார். "காலையில நீங்க உள்ள போனா, இங்க மழை வாய்ப்பு உண்டு. போகலேன்னா பூஜ்யம். அப்படித்தான் பன்னெண்டு வருஷம் நீங்க சொல்லிக்கொடுத்திருக்கீங்க. இன்னொண்ணும் இருக்கு. வெயில் நாள்ல ரெண்டே நிமிஷத்துல வெளியே வந்துடறீங்க. மழை நாள்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் உள்ளேயே இருக்கீங்க."

"கொடை கொண்டு வரமாட்டேன் மேடம். உள்ள அந்தத் தகரக் கூரைக்குக் கீழ ஒதுங்கி நிப்பேன்."

"அதையும் கத்துக்கிட்டுது. நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் மழை. வெளியே வந்தா நின்னுடும்."

தங்கப்பழம் தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தடியில் மஞ்சள் படிந்திருந்தது, நேற்று யார் வீட்டுக் குழம்போ. மூன்று சோதனைக்கும் இவர்தான் பந்தி விசாரிக்கப் போயிருந்தார். மகள் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப்போனதும் இந்த விரலால்தான்.

"இதைத் திருத்திரலாம்லா மேடம்?"

"திருத்தலாம். ஆனா மூளை எல்லாத்தையும் மறுபடி கத்துக்கணும். மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உங்க ஊரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. ஒரு சொட்டு கிடைக்காது." நித்திலா கைக்கணினியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "நான் அந்தப் பூஜ்யங்களைத் தொடப்போறதில்லை. ஆனா காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதை நிரப்பாம நான் ஊருக்குப் போகமுடியாது. பொய்யும் எழுத வராது."

இருநூற்றுப் பதினோரு நாளுக்கும் சேர்த்து ஒரே வரியாக அவர் எழுதினார்: காப்பாளர் கல்யாணத்தில் இருந்தார்.

"இதைப் படிக்கிறது யாரு?"

"சரிபார்க்குற மூளை. நீங்க அனுப்புற அளவு சரியான்னு பாக்குறது அது. வலையை ஒட்டி நிக்கிற அந்தக் கம்பத்து ஒலிவாங்கியில மேளம் கேக்குதா, இடி கேக்குதான்னு அதுதான் கவனிக்கும். மழையை இறக்குறது வேற பிரிவு. ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசிக்காது."

"அசல் கவருமெண்டு ஆபீஸ்தான்."

"ரெண்டும் ஒரே கட்டடந்தாங்க," என்றார் நித்திலா.

வீட்டுக்கு வந்த தங்கப்பழம் மனைவி பொன்னுகிளியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். மூடி மறைக்கலாம் என்று பொன்னுகிளி சொன்னாள். விரலில் காயம்பட்டதாகக் கட்டுப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அவர் மறுநாள் ஊராட்சிக் கூடத்துக்குப் போய், ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பதினெட்டு வருடம் யாருக்கும் எதுவும் குறையாமல் பரிமாறிய மனிதருக்கு, ஊருக்கே குறை வைத்திருக்கிறோம் என்று தெரிந்த பிறகு சோறு இறங்கவில்லை.

முதலில் காட்டுத் தெரு பாக்கியத்தாய் எழுந்தாள். மூன்று போகம் கருகி, புருஷனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இரண்டு ஏக்கரோடு மல்லுக்கட்டுகிறவள்.

"ஏன் அண்ணாச்சி, எங்காடு கருகும்போது நீங்க அவியலுக்கு உப்பு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தீயளா?"

"ஆமாம்மா," என்றார் தங்கப்பழம்.

"அந்த அவியலை நானும் தின்னுருக்கேனே," என்று சொல்லி அவள் அழுதாள். திட்டவேண்டும் என்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதார்.

அழுகை அடங்குவதற்குள் கோபாலசாமி காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டார். மனிதர் அரசியல்வாதி. "சரி, நடந்தது நடந்து போச்சு. அண்ணாச்சி எத்தனை மணிக்கு உள்ள போகணும், எத்தனை மணிக்கு வெளிய வரணும்? அதைப் பேசுவோம்."

அடுத்த இரண்டு மணி நேரம் முள்ளிக்கரை ஊராட்சி, தங்கப்பழம் என்கிற மனிதரைத் தண்ணீர்க் குழாயாக வைத்துப் பேசியது. காட்டுத் தெரு மூன்று மணி நேரம் கேட்டது. உப்பளத் தெரு பதினைந்து நிமிடம் தருவதாகச் சொன்னது. பெண்ணின் அப்பா ஒரு ஐந்து நிமிடமாவது மணவறைக்கு வந்துவிட்டுப் போகட்டும் என்று யாரோ சொல்ல, ஐந்து நிமிடம் என்றால் எவ்வளவு உளுந்துப் பூ உதிரும் தெரியுமா என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். நாலு கிலோமீட்டர் போக வர ஆகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

சண்டையை முடித்து வைத்தவர் ரெத்தினபாண்டிதான். அவர் ரொம்ப நேரமாக எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"மழை எப்ப வரும், எப்ப நிக்கும்னு இத்தனை வருசத்துல எந்த உப்புக்காரனுக்காவது தெரிஞ்சிருக்கா? தெரியாமத்தான பயந்து சாகுதோம். ஏழே காலுக்கு ஆரம்பிச்சு ஒம்பதே காலுக்கு நிக்கும்னு உறுதியாச் சொன்னா, ஏழு மணிக்குள்ள அம்பாரத்தை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிருவோம். பாத்தி நனையும், அது போவட்டும். ரெண்டு மணி நேரம் தாரோம். ஆனா அதுக்கு மேல ஒரு சொட்டு விழக்கூடாது, சம்பந்தி."

இரண்டு தெருவும் கைதட்டின. ஆறு வருடத்தில் அந்தக் கூடத்தில் இரண்டு தெருவும் சேர்ந்து கைதட்டியது அன்றைக்குத்தான்.

முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. அதையும் மாற்ற வழி பார்த்தார்கள். மேகம் ஒன்பதரைக்குக் கடந்துவிடும் என்று வாரியம் சொல்லியிருந்தது. அன்றைக்கு வேறு முகூர்த்தம் இல்லை. தாலியை மழைமானி பக்கத்திலேயே கட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். சாஸ்தா கோயில் நடையில் கட்டினால்தான் தங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்று ரெத்தினபாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கோயில் கடற்கரையில் இருந்தது, ஊரின் அந்தக் கோடியில். ஆக எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது, தங்கப்பழத்துக்கு மகள் கல்யாணம் மட்டும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பி வாசல்படி ஏறும்போது சந்தனமாரி நின்றாள்.

"எப்பா, ஊர்ல இருநூத்திப் பதினோரு பேரு வீட்டு விசேஷத்துக்கு மழையை விட்டுட்டுப் போனீய. என் கல்யாணத்துக்கு மட்டும் மழையப் பாக்கப் போறீயளா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனவள் திரும்பி வந்து, "சரி, நீங்க போங்க. கெட்டிமேளம் உங்க காதுல விழுத மாதிரி நான் ஏற்பாடு பண்ணுதேன்," என்றாள்.

சொன்னபடி செய்தாள். கோயிலிலிருந்து மழைமானி வரைக்கும் பனைமரத்துக்குப் பனைமரம் குழாய் ஒலிபெருக்கி கட்டச் சொன்னாள். கடைசிக் குழாயை, கம்பிவலையை ஒட்டி நின்ற வாரியத்தின் கம்பத்திலேயே கட்டினார்கள். உயரமாக இருந்த கம்பம் அது ஒன்றுதான்.

கார்த்திகை பன்னிரண்டு காலை. தங்கப்பழம் பட்டு வேட்டி உடுத்தி, சந்தனம் பூசி, மடியில் ஒரு கைப்பிடி அட்சதையை முடிந்துகொண்டு சைக்கிளில் கிளம்பினார். எதிரே வந்த கல்யாணக் கூட்டமெல்லாம் கிழக்கே போயிற்று, பெண்ணின் அப்பா மட்டும் மேற்கே போனார். வானம் அடுப்புக்கரி நிறத்தில் தாழ்ந்து கிடந்தது.

ஏழே காலுக்குக் கட்டைவிரலை வைத்தார். கதவு திறந்தது. உள்ளே போய்த் தகரக் கூரைக்கு அடியில் நின்றார். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கோ மேலே வண்டு பறக்கிற மாதிரி ட்ரோன்களின் இரைச்சல் கேட்டது. பிறகு தகரத்தில் முதல் துளி விழுந்தது. பிறகு எண்ணிக்கை தெரியாமல் விழுந்தது.

பொன்னுகிளி கைப்பேசியில் கல்யாணத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். படம் தெரிந்தது. மகளின் நெற்றிச்சுட்டி தெரிந்தது. "ஏளா, மொதப் பந்தியில பெரிய ஆளுகளை உக்கார வையி, கூட்டுல தேங்கா பத்தலேன்னா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே மழையில் இணைப்பு அறுந்துபோனது. மழை நிற்கிற வரைக்கும் வரவே இல்லை.

குழாய் மட்டும் பேசியது. நாதஸ்வரம் மழையில் நனைந்து நனைந்து வந்தது. யாரோ ஒலிபெருக்கியில், மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் மணவறைக்கு வரவும் என்று மூன்று முறை அழைத்தார்கள். பிறகு சந்தனமாரியின் குரல், பக்கத்தில் யாரிடமோ, "அந்த மைக்கை இங்கன கொண்டாங்க," என்று கேட்டது. பிறகு கெட்டிமேளம்.

தங்கப்பழம் மடியை அவிழ்த்தார். கிழக்கே பார்த்து அட்சதையைத் தூவக் கையை ஓங்கியவர், சட்டென்று மறு கையை மழைமானியின் வாய்க்குக் குறுக்கே வைத்து மூடினார். அரிசி உள்ளே விழுந்தால் அளவு தப்பிப்போகும். பதினெட்டு வருடத்தில் அந்த மானியின் அளவைப் பற்றி அவர் கவலைப்பட்டது அப்போதுதான். மழைமானியை மூடிய கையிலும் அட்சதை போட்ட கையிலும் மழை அடித்தது. "நல்லா இரு தாயி," என்று சத்தமாகச் சொன்னார். மழையில் அது அவருக்கே கேட்கவில்லை.

பக்கத்துக் காட்டில் பாக்கியத்தாய் குடையில்லாமல் உளுந்துக்கு நடுவே நின்றிருந்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை போலிருக்கிறது. கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"அண்ணாச்சீ, தாலி கட்டியாச்சா?"

"ஆச்சும்மா! காடு நனைஞ்சுதா?"

"வேருமட்டும் நனைஞ்சிட்டு!"

எட்டரைக்கு மானிக்குள் இருந்த புட்டியை எடுத்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தார். நாற்பத்தேழு புள்ளி இரண்டு. ஒரு அரிசிகூட உள்ளே இல்லை. வாரியம் அவருக்குக் கொடுத்திருந்த நனைந்த கைக்கணினியில் ஒவ்வோர் எண்ணாக அழுத்தி எழுதி, அனுப்பு என்ற கட்டத்தைத் தொட்டார். கல்யாண நாளில் அவர் அனுப்பிய முதல் உண்மை அது. மழையில் இணைப்பு இல்லாததால் அது அப்படியே சுற்றிக்கொண்டு நின்றது.

ஒன்பதே கால் வரைக்கும் நின்றார். கால் மரத்துப் போயிற்று, பட்டு வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. குழாயில் இப்போது பந்தி நடக்கிற சத்தம் வந்தது. இலை, இலை என்று யாரோ கத்தினார்கள். ரசம் எங்கே, ரசம் எங்கே என்று இன்னொரு குரல். சரியாக விசாரிக்க ஆளில்லை என்று அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. மனசு கிடந்து தவித்தது.

ஒன்பதே காலுக்குக் கட்டைவிரலை வைத்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், குழாயைத் திருகியது போல மழை நின்றது. உப்பளத் தெருவில் வெடி போட்டார்கள், சொன்ன நேரத்துக்கு நின்றதற்காக.

சைக்கிளில் ஏறப்போகும்போது இடுப்பில் கைக்கணினி அதிர்ந்தது. இணைப்பு திரும்பியிருந்தது. அளவு போய்ச் சேர்ந்து, பதிலும் வந்திருந்தது. சரிபார்ப்புப் பிரிவிலிருந்து வந்த பதில்:

முள்ளிக்கரை நிலையம். தாங்கள் அனுப்பிய அளவு 47.2 மி.மீ. ஏற்கப்படவில்லை. நிலையத்தில் மேளச் சத்தம் பதிவாகியுள்ளது. திருத்திய அளவு: 0.0. காரணம்: காப்பாளர் கல்யாணத்தில் இருந்தார். இதற்கு மறுப்பு உண்டா?

கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன.

தங்கப்பழம் அதை ஒரு முறை படித்தார். துண்டைப் பிழிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிக்கு முந்தின வரியை மட்டும் மறுபடியும் வாய்விட்டுப் படித்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேட்டியிலிருந்து நாற்பத்தேழு மில்லிமீட்டர் மழை சொட்டிக்கொண்டிருந்தது. இனி எந்தக் காலத்தில் யார் எடுத்துப் பார்த்தாலும் அரசாங்கப் பதிவில் இப்படித்தான் இருக்கும்.

கட்டைவிரலை வேட்டியில் நன்றாகத் துடைத்து, இல்லை என்ற கட்டத்தின் மேல் வைத்து அழுத்தினார். அப்புறம் சைக்கிளை மிதித்தார். மூன்றாம் பந்தியையாவது பிடித்துவிடலாம்.